வைகை அணை மதகைப் பிடுங்கிய சூப்பர்ஹீரோவை என்ன செய்வது?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். நான்கு நண்பர்களை வைத்து, மதுரையையே களமாக்கி, ஒரு சூப்பர்ஹீரோ டேபிள்டாப் கேம்பெயின் நடத்துகிறீர்கள், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, டைஸ் உருட்டி ஆடும் தொடர்கதை. சிஸ்டம், அதாவது ஆட்டத்தின் விதித்தொகுப்பு, மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ், மூன்றாம் பதிப்பு. ஒருவர் பலசாலி, ஒருவர் பறக்கிறவர், ஒருவர் மின்னல் வேகத்தில் ஓடுகிறவர், ஒருவர் மனதைப் படிக்கிறவர். கதையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவு. வில்லன் வைகை அணையில் ஏதோ கருவியை வைத்திருக்கிறான். ஹீரோக்கள் போய்ச் சேர்கிறார்கள், வில்லன் பேச ஆரம்பிக்கிறான். அவன் இரண்டு வரி முடிப்பதற்குள் பலசாலியை ஆடுகிற நண்பர் 'மதகைப் பிடுங்கி அவன் மேல வீசுறேன்' என்கிறார். டைஸை உருட்டினால் 19. மதகு கையோடு வந்துவிட்டது. நீங்கள் திகைத்துப்போய் செஷனை அங்கேயே நிறுத்திவிட்டீர்கள். கேட்பது மூன்று: நடந்தது செல்லாது என்று அழித்துவிடலாமா, அந்தக் கேரக்டரைக் கொன்று பாடம் புகட்டலாமா, இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க வேறு சிஸ்டத்துக்கு மாறலாமா.

இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. வில்லனுக்கு வசனம் எழுதிவைத்திருந்தீர்கள். யோசித்து யோசித்துக் கட்டிய உச்சக்கட்டம் ஒரே உருட்டில் போய்விட்டது. அந்த எரிச்சல் பதிவு முழுக்கத் தெரிகிறது. நியாயமான எரிச்சல்தான். ஆனால் 'என் காட்சி கெட்டுப்போச்சு' என்பதும் 'அவன் முட்டாள்தனம் பண்ணிட்டான்' என்பதும் வேறு வேறு புகார்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். பல வருடமாக ஜிஎம்மாக, அதாவது கதையை நடத்துகிறவனாக, உட்காருகிறவன். சிம்மக்கல் பக்கம் ஒரு நண்பரின் ஜெராக்ஸ் கடை மாடிதான் இடம். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பித்தால் கடைசி பஸ் வரை போகும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் தொடங்கி, இப்போது பெரும்பாலும் சூப்பர்ஹீரோ ஆட்டம்தான். என் மேசையில் எல்லாரும் ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்தவர்கள், வேலைக்குப் போகிற பெரியவர்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஆன்லைனில் ஆடுகிறவர்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்துகிறவர்களுக்கும் நான் சொல்வதில் பாதி பொருந்தாமல் போகலாம். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சூப்பர்ஹீரோ ஆட்டத்தில் இந்த மாதிரி ஏன் அடிக்கடி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், போர் விளையாட்டுகளிலிருந்து கிளைத்தது. அந்த வழியில் வந்தவர்களுக்கு நிதானம்தான் பிழைப்பு. கதவைத் தொடுவதற்கு முன் காதை வைத்துக் கேட்பார்கள், தரையைப் பத்தடிக் கம்பால் தட்டிப் பார்ப்பார்கள். அங்கே முதல் லெவல் கேரக்டர் ஒரு முட்டாள்தனம் செய்தால் குழியில் விழுந்து சாவது அவனேதான். சூப்பர்ஹீரோவில் கணக்கு தலைகீழ். பஸ்ஸைத் தூக்கி எறிகிறவன் தப்பு செய்தால் அவனுக்கு ஒரு சிராய்ப்பும் இருக்காது, அடி ஊருக்குத்தான் விழும். கேரக்டரின் விவரங்களை எழுதிவைக்கும் ஷீட்டில் எந்த எண்ணும் குறைவதில்லை. அதனால் என்ன செய்துவிட்டோம் என்பதே ஆடுகிறவருக்கு உடனே உறைக்காது. அதோடு காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ஹீரோ என்றால் முதலில் குதித்துவிட்டு அப்புறம் யோசிப்பவன். உங்கள் நண்பர் அந்த இலக்கணப்படிதான் நடந்திருக்கிறார்.

இந்த ஆட்டங்களை வடிவமைத்தவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். 1981-ல் வந்த சாம்பியன்ஸ் ஆட்டத்தில் கேரக்டரை உருவாக்கும்போதே குறைகளை எழுதி வாங்கிக்கொள்ளலாம். முன்கோபம், யாரோ துரத்துவது, காப்பாற்ற வேண்டிய ஒரு தாய் மாமன், எதுவாக இருந்தாலும் அதற்குப் பதில் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். அதாவது முட்டாள்தனத்தை முன்பணமாகக் கொடுத்துச் சக்தி வாங்கிக்கொள்கிறீர்கள். 1984-ல் டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட மார்வெல் சூப்பர் ஹீரோஸ், கர்மா என்று ஒன்றை வைத்தது. நல்லது செய்தால் ஏறும், உருட்டலைத் தூக்கிவிட அதைச் செலவழிக்கலாம். ஹீரோ ஓர் உயிரைக் கொன்றால் சேர்த்த கர்மா மொத்தமும் பூஜ்யம். 2016-ல் வந்த மாஸ்க்ஸ் ஆட்டத்தில் எல்லாரும் பதின்வயது ஹீரோக்கள். அதில் உருட்டல் தோற்றால் வளர்ச்சிக்கான ஒரு புள்ளி கிடைக்கும், அப்படி ஐந்து சேர்ந்தால் கேரக்டர் ஒரு படி ஏறும். சொதப்பச் சொதப்பத்தான் அந்தப் பிள்ளைகள் வளர்வார்கள் என்று விதியே சொல்கிறது.

உங்கள் சிஸ்டத்துக்கு வருவோம். ஸ்டீவ் கென்சன் உருவாக்கிய மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் முதலில் வந்தது 2002-ல். அதில் கேரக்டரின் குறைகளை எழுத, காம்ப்ளிகேஷன் என்று ஷீட்டில் ஒரு பகுதி உண்டு. அந்தக் குறை கதைக்குள் வந்து ஹீரோவுக்கே வினையாக முடிந்தால், ஜிஎம் ஒரு ஹீரோ பாயின்ட் தர வேண்டும், பின்னால் ஆடுகிறவர் தனக்கு உதவியாகச் செலவழிக்கும் புள்ளி அது. உங்கள் பதிவின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், நீங்களே கவனித்தீர்களா தெரியவில்லை: அந்தப் பலசாலியின் காம்ப்ளிகேஷன் 'முன்கோபம், வாய்ப்பேச்சு பிடிக்காது'. அப்படி ஒருவன் எதிரே நின்று வில்லன் வசனம் பேசியிருக்கிறான். நண்பர் ஷீட்டில் இருந்தபடியேதான் ஆடியிருக்கிறார். விதிப்படி பார்த்தால் அவருக்கு நீங்கள் ஒரு ஹீரோ பாயின்ட் பாக்கி. தண்டனை பற்றிக் கேட்டவரிடம் பரிசைக் கொடு என்று சொல்வது வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் அந்தப் பாயின்ட் அடுத்த செஷனில் உங்களையே காப்பாற்றப் போகிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது நடந்தது உண்மையிலேயே முட்டாள்தனமா என்று பார்ப்போம். என் அனுபவத்தில் மேசையில் 'என்னடா இவன்' என்று தலையில் கைவைக்கும் முடிவுகளில் பெரும்பகுதி, ஆடுகிறவர் மனதில் இருக்கும் படமும் ஜிஎம் மனதில் இருக்கும் படமும் வேறாக இருப்பதால் வருகிறது. உங்களுக்கு அணை தெரிகிறது, பின்னால் நிற்கும் தண்ணீர் தெரிகிறது, விடிந்தால் ஆற்று மணலில் நிற்கப்போகும் லட்சக்கணக்கான ஜனம் தெரிகிறது. அவருக்கு ஒரு வில்லன் தெரிகிறான், கைக்கு எட்டும் தூரத்தில் வீசுவதற்கு ஒரு பெரிய இரும்புத் தகடு தெரிகிறது. மறுநாள் திருவிழா என்பதை எப்போது சொன்னீர்கள்? பதிவைப் பார்த்தால் அதற்கு முந்தைய செஷனில். நடுவில் இரண்டு வாரம் போயிருக்கிறது, அவர் ஆபீஸ் போய் வந்திருக்கிறார், இஎம்ஐ கட்டியிருக்கிறார். ஆனால் அந்தக் கேரக்டர் செல்லூர்க்காரன். அவனுக்கு அழகர் எப்போது இறங்குவார் என்று யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. கேரக்டருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும் ஒன்று ஆடுகிறவருக்கு மறந்துபோனால், அதை எடுத்துச் சொல்வது ஜிஎம் வேலை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எங்கள் மேசையில் இதே இடம் வந்திருந்தால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போயிருக்கும்.

'நான் மதகப் பிடுங்குறேன்.'

'சரி பங்காளி, பிடுங்கலாம், உனக்கு அந்தப் பலம் இருக்கு. பிடுங்கினா என்ன ஆகும்னு நெனைக்கிற?'

'அவன் மேல விழும். ஆளு காலி.'

'மதகுக்குப் பின்னாடி என்ன இருக்கு?'

'...தண்ணியா?'

'தண்ணிதான். நாளைக்குக் காலைல கீழ ஆத்துக்குள்ள யாரு நிப்பாங்கன்னு உன் கேரக்டருக்குத் தெரியும். அவன் செல்லூர்க்காரன்.'

'ஐயய்யோ, அழகரு!'

இதற்குப் பிறகுதான் டைஸைத் தொட விடுவேன். பத்தில் எட்டுப் பேர் இங்கே பின்வாங்கிவிடுவார்கள். மீதிப் பேர் 'இருக்கட்டும், என் ஆளு கோவத்துல இருக்கான், பிடுங்குறேன்' என்பார்கள். அப்படிச் சொன்னால் நான் தடுக்கமாட்டேன். விலையைத் தெரிந்துகொண்டே எடுத்த முடிவு அது, அந்தக் கேரக்டரின் முடிவு. அதிலிருந்துதான் நல்ல கதை பிறக்கும். கவனியுங்கள், நான் 'வேண்டாம்' என்ற வார்த்தையை எங்கேயும் சொல்லவில்லை, 'நிச்சயமா?' என்றும் கேட்கவில்லை. 'நிச்சயமா' என்று ஜிஎம் ஒரு மாதிரியாக இழுத்தால் எல்லாருக்கும் ஆபத்து இருப்பது தெரியும், என்ன ஆபத்து என்று தெரியாது. அது மிரட்டல். தகவலைக் கொடுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு: முடிவு சரியாகத்தான் இருக்கும், டைஸ் சொதப்பும், பார்க்கிறவர்களுக்கு அது முட்டாள்தனமாகத் தெரியும். இது வெறும் கணக்கு. மாஸ்க்ஸ் மாதிரி இரண்டு ஆறுமுக டைஸ் உருட்டும் ஆட்டத்தில், கூட்ட ஒன்றும் இல்லாவிட்டால் 6 அல்லது அதற்குக் கீழே விழ 36-க்கு 15 வாய்ப்பு. அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 42 தடவை தோல்வி. இருபது முக டைஸான டி20-ல் ஒவ்வொரு முகத்துக்கும் 5 சதவீதம். ஒரு திட்டத்தில் நான்கு படிகள், ஒவ்வொன்றிலும் ஜெயிக்க 70 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். நான்கும் வரிசையாக ஜெயிக்க 24 சதவீதம்தான். வேலியைத் தாண்ட ஒன்று, காவலாளி கண்ணில் படாமல் இருக்க ஒன்று, பூட்டுக்கு ஒன்று, கதவு சத்தம் போடாமல் இருக்க ஒன்று என்று உருட்டச் சொல்லும் ஜிஎம்கள் நிறையப் பேர். அவர்கள் மேசையில் மறைந்து போவது எப்போதும் தோற்கும், ஆகவே ஆடுகிறவர்கள் கொஞ்ச நாளில் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே போகக் கற்றுக்கொள்வார்கள். உடைக்க ஒரே உருட்டல் போதுமே! பிறகு ஜிஎம் வந்து 'என் ஆளுங்க எப்பப் பாத்தாலும் செவுத்த ஒடைக்கிறாங்க' என்று புலம்புவார். உங்கள் நண்பர்கள் இதற்கு முன் நிதானமாகப் போட்ட திட்டங்கள் எத்தனை ஜெயித்தன என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் சலிப்பு. ஒரு நண்பர் நேரத்தை நிறுத்தும் சக்தி உள்ள கேரக்டர் வைத்திருந்தார், நாளைக்கு ஒரே ஒரு தடவை. விளக்குத்தூண் பக்கம் வில்லனின் ஆளைப் பின்தொடர வேண்டிய காட்சி. மற்ற மூவரும் கால் மணி நேரம் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த நாளைக்கான ஒரே சக்தியைப் பயன்படுத்தி, ஜிகர்தண்டா வரிசையில் முன்னால் போய் நின்றுகொண்டார். எல்லாரும் சிரித்தோம். 'காசு குடுத்தியாடா?' என்று ஒருவர் கேட்டார், 'நின்ன நேரத்துல யாருகிட்ட குடுக்கிறது?' என்றார் இவர். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். நேரம் நின்றதைப் பக்கத்தில் இன்னொருவன் உணர்ந்துவிட்டான் என்று மட்டும் சேர்த்தேன், உறைந்துபோன அந்தத் தெருவில் ஒரே ஒரு தலை திரும்பிப் பார்த்தது. பின்தொடர வேண்டிய ஆள் கைவிட்டுப் போனான், அதற்குப் பதில் பல மாதம் ஓடிய ஒரு எதிரி கிடைத்தான். சும்மா உட்கார வைத்தால் ஆடுகிறவர் எதையாவது நோண்டத்தான் செய்வார். வில்லனின் வசனம் என்பதும் ஆடுகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் சும்மா உட்காரும் நேரம்தான். காமிக்ஸில் வில்லன் ஒரு பக்கம் முழுக்கப் பேசலாம், ஹீரோ குறுக்கிட முடியாது. மேசையில் ஹீரோவுக்கு வாய் இருக்கிறது, கையில் டைஸும் இருக்கிறது. வசனம் வேண்டும் என்றால் இரண்டு வரி, இல்லை சண்டைக்கு நடுவில். அல்லது வில்லனைப் போனில் பேச விடுங்கள், போனைப் பிடுங்கி யாரும் வீச முடியாது. சரி, வீசலாம், ஆனால் அணை பிழைத்துக்கொள்ளும்.

செல்லாது என்று அழிக்கலாமா என்ற கேள்விக்கு: கேரக்டருக்குத் தெரிந்தது ஆடுகிறவருக்குத் தெரியாமல் போனதால் நடந்தது என்றால், அந்த நிமிடமே அழிக்கலாம். 'பொறு, இதை நான் சொல்லியிருக்கணும், இப்ப சொல்லு என்ன பண்ற' என்றால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஒரு வாரம் கழித்து அழிப்பது வேறு. இதற்குள் உங்கள் நால்வரும் அதைப் பற்றி வாட்ஸப்பில் நூறு மெசேஜ் போட்டிருப்பார்கள், மீம்கூடப் போட்டிருப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது நடந்தேவிட்டது. அந்த நண்பர் தானே வந்து 'மச்சான், மாத்திக்கலாமா' என்று கேட்டால் ஒழிய நீங்களாக அழிக்காதீர்கள். இது என் கருத்து மட்டுமே, எதிர்மாறாக நினைக்கும் நல்ல ஜிஎம்களும் இருக்கிறார்கள்.

கொல்வதைப் பற்றி எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை, வேண்டாம். உங்கள் சிஸ்டமே சாவைத் தள்ளித்தான் வைத்திருக்கிறது. அடி விழுந்தால் அதைத் தாங்குகிறாரா என்று பார்க்க டஃப்னஸ் உருட்டல், தோற்றால் முதலில் கொஞ்சம் தடுமாற்றம், பிறகு தள்ளாட்டம், பிறகுதான் விழுந்து கிடப்பது. சாவு அதற்கும் அப்பால். அந்த ஒழுங்கை மீறி நீங்கள் இடி விழவைத்துக் கொன்றால், அடுத்த கேரக்டரோடு வரும் நண்பர் எதையுமே செய்யமாட்டார். 'நீயே சொல்லு என்ன பண்ணட்டும்' என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார். முட்டாள்தனத்தைவிட அது கொடுமை, நான்கு மணி நேரம் நீங்கள் ஒருவரே பேச வேண்டியிருக்கும்.

அப்படியானால் அடுத்த ஞாயிறு என்ன செய்வது? மதகு அவர் கையில் இருக்கும் அந்த நொடியிலிருந்தே தொடங்குங்கள். நிஜ அணை உங்களுக்கு நிறையக் கொடுக்கிறது. வைகை அணை ஆண்டிபட்டி பக்கம், தேனி மாவட்டத்தில் இருக்கிறது, 1959-லிருந்து பயன்பாட்டில் உள்ளது. முழுக் கொள்ளளவுக்கு நீர்மட்டம் 71 அடி. 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. பொதுவாக அணை நிரம்புவது மழைக்காலத்தில். சித்திரையில் தளும்பி நிற்பது வழக்கமில்லை. ஆகவே அன்று இரவு நீர்மட்டம் என்ன என்பது உங்கள் கையில் இருக்கிறது, இதுவரை நீங்கள் அதைச் சொல்லவும் இல்லை. எந்த அணையிலும், பிடுங்கிய மதகின் அடிமட்டத்துக்கு மேலே நிற்கும் தண்ணீர்தான் அந்த வழியாக வெளியேறும், மொத்த அணையும் காலியாகிவிடாது. எவ்வளவு வரவேண்டும் என்று நீங்களே தீர்மானிக்கலாம். எச்சரிக்கை மட்டங்களுக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் ஆபத்தும் உண்டு, தப்பிக்க வழியும் உண்டு.

அதைவிடப் பெரிய உதவி தூரம். அழகருக்காகத் தண்ணீர் திறக்கும்போது சில நாட்கள் முன்பே திறப்பார்கள், வறண்ட மணலில் ஊறி மதுரை வந்து சேர அவ்வளவு நேரம் வேண்டும். பெருக்காக வந்தால் சீக்கிரம் வரும்தான், ஆனாலும் மணிக்கணக்கு. வழியில் பேரணை என்ற தடுப்பணை இருக்கிறது, பெரியாறு பிரதானக் கால்வாய் அங்கேதான் பிரிகிறது. ஒரு பகுதியை அந்தக் கால்வாயில் திருப்பலாம், முழு வெள்ளத்தையும் அது தாங்காது. அதற்குக் கீழே சோழவந்தான், அப்புறம் மதுரை. இப்போது பாருங்கள், ஒரே ஓர் அவசர முடிவு உங்கள் நான்கு பேருக்கும் நான்கு இடத்தில் வேலை கொடுத்துவிட்டது. பலசாலி அணையிலேயே நின்று, பிடுங்கிய ஓட்டையை எதைக்கொண்டாவது அடைக்க வேண்டும், வில்லன் பக்கத்திலேயே நிற்கிறான். பறக்கிறவர் பேரணைக்குப் போய் நள்ளிரவில் தூங்குகிற ஊழியரை எழுப்பி, மதகைத் திறக்கச் சொல்ல வேண்டும். முகமூடி போட்டவன் சொன்னால் அவர் கேட்பாரா? 'மேலிடத்து உத்தரவு இல்லாம தொறக்க முடியாதுங்க' என்பார். வேகமாக ஓடுகிறவர் கரையோர ஊர்களுக்கு. மனதைப் படிப்பவர் மதுரையில், ஏ.வி. பாலத்தைச் சுற்றி இரவே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், பீதி கிளம்பாமல் ஆட்களை ஆற்றிலிருந்து மேலே ஏற்ற வேண்டும். வதந்தி ஒன்று போதும், தண்ணீர் வருவதற்கு முன்பே நெரிசல் ஆகிவிடும். எனக்கு இந்தக் கடைசிக் காட்சிதான் மற்ற மூன்றையும்விட ஆசையாக இருக்கிறது. அடிதடியே இல்லாத உச்சக்கட்டம்.

இங்கேதான் அந்த ஹீரோ பாயின்ட். மூன்றாம் பதிப்பில் அதைச் செலவழித்து ஆடுகிறவர் காட்சியில் ஒரு சிறு விவரத்தைச் சேர்க்கலாம், ஜிஎம் ஒப்புக்கொண்டால். 'பேரணை ஊழியர் என் மாமா பையன்' என்று பலசாலி சொல்லட்டும், பறக்கிறவருக்கு உதவட்டும். அவர் செய்த வினையை அவரே பாதி சரிசெய்கிற வழி திறக்கும். உருட்டலைத் திரும்ப உருட்டவும் அதைச் செலவழிக்கலாம். இரண்டாவது உருட்டலில் 10 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் 10 கூட்டிக்கொள்வார்கள், ஆகவே ஓட்டையை அடைக்கும் உருட்டலுக்கும் நல்ல துணை.

வில்லனை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவன் சும்மா இருந்தாலே போதும். அவன் நினைத்த வேலையை ஹீரோவே செய்துவிட்டான், அதை அவன் செல்போனில் எடுத்துக்கொண்டான். மறுநாள் டீக்கடை டிவியில் ஓடுவது மதகைப் பிடுங்கும் ஹீரோவின் முகமூடி முகம். அடுத்த இரண்டு மூன்று செஷனுக்கு ஊர் அவர்களைப் பார்த்து ஒதுங்கட்டும், ஆட்டோக்காரர் ஏற்றமாட்டேன் என்று சொல்லட்டும். தண்டனை என்றால் இதுதான் தண்டனை, அதுவும் ஆட வேண்டிய கதையாகவே வருகிறது. இனி வில்லன்களைத் தயார் செய்யும்போது காட்சியாக எழுதாதீர்கள், யாரும் தடுக்காவிட்டால் இவன் என்ன செய்வான், எந்த நேரத்தில் செய்வான் என்று மட்டும் குறித்துவையுங்கள். ஹீரோக்கள் எங்கே குறுக்கே விழுந்தாலும் அந்தக் குறிப்பு பயன்படும்.

ஒரு எச்சரிக்கை. கூட்டம், வெள்ளம், திருவிழா எல்லாம் நம் ஊரில் வெறும் கதை இல்லை. யார் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆரம்பிக்கும் முன் 'ஜனம் சாகிறதைக் காட்டணுமா, வேண்டாமா' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் பரப்பிய எக்ஸ் கார்டு என்று ஒன்று உண்டு: எக்ஸ் எழுதிய ஒரு அட்டை மேசை நடுவில் இருக்கும், யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. எங்கள் மேசையில் அது விசிட்டிங் கார்டுக்குப் பின்னால் பேனாவால் போட்ட எக்ஸ்தான். இன்னொன்று, கதையை முல்லைப் பெரியாறு பக்கம் நகர்த்திவிடாதீர்கள். அங்கே வில்லனே தேவைப்படாது, உங்கள் நண்பர்களே இரண்டு கட்சியாகி விடிய விடியப் பேசுவார்கள்.

இதுவரை சொன்னது நல்ல மனதோடு ஆடுகிறவர்களுக்கு. ஒருவர் மற்றவர்கள் ஆட்டத்தைக் கெடுப்பதற்காகவே செய்கிறார் என்றால் எந்த விதியும் உதவாது. டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்த் தனியாகப் பேசுங்கள். கதைக்குள் வைத்துப் பழிவாங்குவது ஒருபோதும் வேலை செய்யாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் நண்பர் அந்த ரகம் மாதிரித் தெரியவில்லை. மதகு வந்ததும் அவரே 'ஐயோ' என்றார் என்று எழுதியிருக்கிறீர்களே.

ஹீரோ பாயின்ட், வளர்ச்சிப் புள்ளி போன்ற பரிசுகள் உண்மையிலேயே நல்ல ஆட்டத்தை வளர்க்கின்றனவா, இல்லை புள்ளிக்காகவே வேண்டுமென்று சொதப்ப வைக்கின்றனவா என்பதில் எனக்கு உறுதி இல்லை. என் மேசையில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். ஒருவர் தன் கேரக்டரின் பயத்தை அழகாகக் கொண்டுவந்து பாயின்ட் வாங்குவார், இன்னொருவர் பாயின்ட் தீர்ந்ததும் கூப்பிடாமலேயே அம்மாவுக்குப் போன் போட்டுத் தன் ரகசியத்தை உளறுவார். ஒரு செஷனில் ஒரே குறைக்கு ஒரு தடவைதான் பாயின்ட் என்று நான் வைத்திருக்கிறேன். புத்தகத்தில் உள்ள விதி இல்லை, என் பழக்கம்.

சிஸ்டம் மாற்றுவது பற்றி: இந்தக் கதை முடியும் வரை மாற்றாதீர்கள். பாதி வழியில் மாற்றினால் நான்கு ஷீட்டையும் புதிதாக எழுத வேண்டும், பழைய சக்தி புதியதில் அப்படியே வராது, அதற்கே இரண்டு ஞாயிறு போய்விடும். முடிந்த பிறகு, உங்கள் நண்பர்களுக்குச் சொதப்பல்களும் அதன் பின்விளைவுகளும்தான் பிடிக்கிறது என்று தெரிந்தால் மாஸ்க்ஸ் ஆடிப் பாருங்கள். சண்டையும் சக்திக் கணக்கும்தான் பிடிக்கிறது என்றால் இருப்பதிலேயே இருங்கள். எதுவானாலும் மதகைப் பிடுங்க நினைப்பவர் அங்கேயும் பிடுங்கத்தான் போகிறார், உருட்டுகிற டைஸ் மட்டும் மாறும்.